தூதர் பெயரால் ஒரு பாலம்

ஒரு கலைப்படைப்பின் பெறுமதியை விற்பனைக் கணக்கு அளக்குமா என்பது பழைய வினா. வெகுசனக் கலைகளைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அவை விற்பனையை நோக்கியே ஆக்கப்படுவன; ஆகவே விலைபோகாத மெல்லிசைப் பாட்டு தன் நோக்கத்தில் தோற்றது என்று கூறுவதில் ஓரளவு நியாயமுண்டு. அந்த நியாயத்தை ஐயுறவைப்பது அவுஸ்திரேலியாவின் 'கோ-பிற்வீன்ஸ்' என்னும் இசைக்குழுவின் வரலாறு.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரான பிறிஸ்பேனில், 1977 ஆம் ஆண்டின் இறுதியில் றொபேட் ஃபோஸ்ரர், கிரான்ட் மக்லெனன் ஆகிய இருவரும் இக்குழுவைத் தொடங்கினர். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றபோது நண்பரானவர்கள் அவர்கள். மக்லெனனின் நாட்டமெல்லாம் திரைப்படத்திலும் நூல்களிலுமே இருந்தது. இசைக்கருவி எதனையும் அவர் வாசித்தறியார். ஃபோஸ்ரரே அவருக்கு பேஸ் கிற்றார் பழக்கினார். இசை அவர்களை நண்பராக்கவில்லை. நட்பே அவர்களை இசைக்குக் கொண்டுவந்தது.

அன்றைய குவீன்ஸ்லாந்தின் அரசியற் சூழலும் இங்குக் கருதத்தக்கது. 1968 முதல் 1987 வரை முதலமைச்சராக விளங்கிய யோ பியெல்க்கி-பீற்றர்சன், 1977 இல் அரசியல் ஊர்வலங்களுக்குத் தடைவிதித்தார். இளைஞர் கூடுமிடங்களிற் பொலிசாரின் கெடுபிடி மிகுந்திருந்தது. நகரின் ஏனைய குழுக்கள் பல சீற்றத்தையே இசையாக்கின. 1978 இல் வெளிவந்த கோ-பிற்வீன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டோ, ஒரு பக்கத்தில் லீ றெமிக் என்ற நடிகையையும் மறுபக்கத்தில் நூலகத்துப் பெண்ணொருத்தியையும் பாடியது. இதனை அரசியலினின்று விலகி ஓடுதல் எனச் சிலர் கொள்ளக்கூடும். ஆயின், முரட்டுத்தனமே ஆண்மையென மதிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் நூலகத்தின் அமைதியைப் பாடப் புகுந்தமையும் ஒருவகை மறுப்பே.

1980 இல் லிண்டி மொறிசன் டிறம் வாசிப்பவராக இணைந்தார். பின்னர் குழு இலண்டனுக்குப் பெயர்ந்தது. வறுமையும் கம்பனி மாறிக் கம்பனி தேடும் அலைச்சலும் அங்கு அவர்களைத் தொடர்ந்தன. அந்த அந்நிய நகரில் இருந்துகொண்டுதான் மக்லெனன் தம் இளமைக்கால வடகுவீன்ஸ்லாந்தை நினைந்து 'கற்றில் அன்ட் கேன்' என்ற பாடலை ஆக்கினார். கால்நடையும் கரும்புமெனப் பொருள்படும் இப்பாடல் 1983 இல் வெளிவந்தது. கரும்புத் தோட்டங்களுக்கூடாக வீடு திரும்பும் பள்ளிச் சிறுவனும், சிறுவயதில் இழந்த தந்தையின் நினைவும் அதில் இடம்பெறுகின்றன. நான்கு நான்காக எண்ணும் வழக்கமான தாளத்துள் அப்பாடல் அடங்குவதில்லை. தடுக்கித் தடுக்கி நடக்கும் நினைவின் நடைக்கு ஒத்த தாளத்தை அமைத்துக் கொடுத்தவர் மொறிசன். பாடலின் சிறப்பிற் செம்பாதி அவருக்குரியது எனின் மிகையன்று.

1981 முதல் 1988 வரை ஆறு இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. விமர்சகர் போற்றினர், கடைகளில் அவை போதியளவு விலைபோகவில்லை. வயலினும் ஓபோவும் வாசித்த அமண்டா பிறவுண் 1986 இல் இணைந்தபின் இசை மேலும் கனிவுற்றது. 1988 இல் வெளியான 'ஸ்றீற்ஸ் ஒஃப் யுவர் ரவுண்' இலகுவிற் பாடத்தக்க இனிய மெட்டுடையது. அவ்வினிமைக்குள்ளே இல்லங்களில் அடிபடும் பெண்களின் துயரையும் பொதிந்து வைத்தது. அதுவும் பிரித்தானியப் பட்டியலில் முதல் ஐம்பது இடங்களுள் ஏறவில்லை. 1989 இன் இறுதியிற் குழு கலைந்தது. கலைக்கும் முடிவை எடுத்தவர்கள் தொடக்கிய இருவருமே. மொறிசனுக்கும் பிறவுணுக்கும் அது பின்னரே அறிவிக்கப்பட்டது.

2000 ஆம் ஆண்டில் நண்பர் இருவரும் அதே பெயரில் மீண்டும் இணைந்தபோது அவ்விரு பெண்களும் அதில் இடம்பெறவில்லை. 2001 இல், எழுபத்தைந்து ஆண்டுக்கால அவுஸ்திரேலியப் பாடல்களுள் சிறந்தவையெனப் பாடலாசிரியர் உரிமைச் சங்கம் தெரிந்த முப்பதுள் 'கற்றில் அன்ட் கேன்' இடம்பெற்றது. 2005 இல் புதிய தொகுப்பொன்று தேசிய விருது பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி, மக்லெனன் தமது 48 ஆவது வயதில் மாரடைப்பால் மறைந்தார். குழுவும் அத்துடன் முடிவுற்றது. இவ்வரலாற்றை ஃபோஸ்ரர் 2016 இல் நூலாக எழுதியபோது, நண்பரையும் தம்மையும் மட்டுமே தலைப்பிற் குறித்தார். இருவரின் நட்புக்கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்பட்டு வருவதற்கு அத்தலைப்பு ஒரு சான்று.

'கோ-பிற்வீன்' என்பது இருவர்க்கிடையே தூது செல்பவரைக் குறிக்கும் சொல். நம்முடைய தூதுப் பிரபந்தங்களில் தலைவியின் துயரைக் காட்டிலும் தூது செல்லும் பொருளின் பெருமையே விரித்துப் பேசப்படும். தமிழ்விடு தூது இதற்குத் தக்க சான்று. பாடலைக் கேட்போரிடம் கொண்டுசேர்த்த பெண்கள் இருவருக்கும் அத்தகைய சிறப்பு உரிய காலத்திற் கிட்டவில்லை.

2010 ஆம் ஆண்டு யூலையில் பிறிஸ்பேன் ஆற்றின் குறுக்கே புதிய பாலமொன்று திறக்கப்பட்டது. பொதுமக்களின் விருப்பறிந்து அதற்கு 'கோ பிற்வீன் பாலம்' எனப் பெயரிட்டது நகரம். கட்டணம் செலுத்தி வாகனங்கள் அதனைக் கடக்கின்றன. வாழ்ந்த காலத்தில் பட்டியல்கள் மறுத்த இடத்தை நகரின் வரைபடம் அளித்துவிட்டது. அப்பாலம் ஃபோஸ்ரரின் பெயரையோ மக்லெனனின் பெயரையோ தாங்கவில்லை. குழுவின் பெயரையே தாங்குகின்றது. அப்பெயரில் லிண்டி மொறிசனுக்கும் அமண்டா பிறவுணுக்கும் பங்குண்டு.