கல்லிலிருந்து ஓட்டைப் பிரிப்பவர்கள்

தெற்கு டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், வாள்பல் விலங்கின் மண்டையோட்டுக்குக் கூடுகிற கூட்டம் ஆமைக்குக் கூடுவதில்லை. 2010-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே அப்படியொரு மண்டையோட்டைக் கண்டுபிடித்தபோது அது பெரிய செய்தியானது. ஆமை ஓடோ அடிக்கடி கிடைக்கிறது. அதனாலேயே அதற்கு மவுசு இல்லை. ஸ்டைலெமிஸ் என்ற அந்தத் தரை ஆமை இந்தச் சமவெளியில் மேய்ந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜோசஃப் லைடி என்ற அறிஞர் 1851-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். நான் போனது அந்த மவுசில்லாத ஆமைக்காகத்தான்.

அங்குள்ள மேடுகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு அங்குலம் கரைகின்றன. ஒவ்வொரு மழைக்கும் புதிதாக ஏதாவது எலும்பு தலை நீட்டுகிறது. பூங்காவின் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர் மேட்டைப் பார்க்கவில்லை, காலடியைத்தான் பார்த்தார். தேடுவது சில்லுகளை. ஆமையோட்டுச் சில்லை உடைந்த ஓரத்தை வைத்தே சொல்லிவிடலாம்: மேலும் கீழும் கெட்டியான படலம், நடுவே ரஸ்க் ரொட்டி மாதிரி பொடிப்பொடித் துளைகள். ஒரு சில்லு கிடைத்தால் அது எந்தச் சரிவிலிருந்து உருண்டு வந்தது என்று மேல்நோக்கிப் போக வேண்டும். சில்லுகள் எங்கே நின்றுபோகின்றனவோ, அதற்கு மேலேதான் எங்கேனும் ஓடு புதைந்திருக்கும்.

நாங்கள் பார்த்த ஓட்டில் விளிம்பு மட்டும் ஒரு கையகலம் வெளியே தெரிந்தது. என் கை தானாக நீண்டது. “தொடாதீர்கள்” என்றார். அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி, அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவத்தை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அவர் சொன்ன காரணம் வேறு. எந்த அடுக்கில், எந்த உயரத்தில், எப்படிக் கவிழ்ந்து கிடந்தது என்பதெல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது அலமாரிக்கு ஒரு அழகான கல் மட்டுமே.

முறையாக எடுப்பதற்குச் சுற்றிலும் பள்ளம் தோண்டி, ஓட்டை மண்ணோடு ஒரு திண்டின் மேல் நிற்கவைக்கிறார்கள். நொறுங்கும் இடங்களில் மெல்லிய பிசின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஊறவிடுகிறார்கள். ஈரக் காகிதம் ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணியைச் சுற்றுகிறார்கள். காகிதம் இல்லாவிட்டால் பிளாஸ்டர் எலும்பைக் கவ்விக்கொள்ளும்; பிறகு அதைப் பிரிப்பதே தனி வேலையாகிவிடும். கட்டு இறுகியபின் அடிமண்ணை அறுத்துப் புரட்டுவார்கள். அந்தப் புரட்டலில்தான் எல்லோருக்கும் மூச்சு நிற்குமாம்.

பென் ரீஃபெல் பார்வையாளர் மையத்திலுள்ள ஆய்வகத்தில் பொதுமக்கள் பார்க்கப் பார்க்க வேலை நடக்கிறது. மணல் நிரப்பிய தட்டில் ஓர் ஓடு வயிறு மேலாகக் கிடந்தது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கொக்கிகள், தையல் ஊசியைவிடக் கூரான ஊசிகள், தூரிகைகள், நுண்ணோக்கி. காற்றழுத்தத்தில் அதிரும் ஏர் ஸ்க்ரைப் என்ற சிறு உளி முரட்டுக் கல்லைத் தட்டி எடுக்க உதவுகிறது. சில இடங்களில் நம் வீட்டு ஆப்ப சோடாவையே காற்றோடு பீய்ச்சிக் கல்லை அரிக்கிறார்கள். ஆனால் எலும்பை நெருங்கியதும் எந்திரத்தை வைத்துவிட வேண்டும். கடைசிப் படலம் ஊசிக்கு உரியது. முகமூடி, தூசி உறிஞ்சி, மணிக்கணக்கில் குனிந்த கழுத்து: வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பொழுதுபோக்காகத் தெரியலாம்.

ஆமை ஓடு மற்ற எலும்புகளைவிடச் சிக்கலானது. முதுகோட்டில் மட்டும் சுமார் 50 எலும்புகள் உண்டு; விலா எலும்புகளே விரிந்து தகடாகி ஓட்டோடு சேர்ந்துவிட்டவை. தகடுகள் சந்திக்கும் இடத்தில் நெளிந்து போகும் தையல் கோடுகள். அவற்றை வெட்டிக்கொண்டு வேறு கோடுகளும் ஓடுகின்றன. மேலே ஒட்டியிருந்த கொம்புச் செதில்கள் மக்கிப்போனாலும், அவற்றின் ஓரம் எலும்பில் பதித்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை. இவற்றோடு மண்ணின் பாரத்தால் உண்டான உண்மையான விரிசல்களும் சேர்ந்துகொள்ளும். “பள்ளத்தை விரிசல் என்று நினைத்துப் பசையை ஊற்றினால் இனத்தை அடையாளம் காண்பதற்கான கோடே அடைபட்டுவிடும்” என்றார் அவர்.

பசை விஷயத்தில் அவர் கறார். பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத்தான் ஒட்டுகிறார். நாளைக்கு வேறொருவர் அசிட்டோனாலேயே அதைக் கழற்றிவிடலாம். எங்கே எதை ஒட்டினோம் என்று எழுதியும் வைக்கிறார். அந்தக் காலத்து அரக்குப் பசை மஞ்சளித்து, கெட்டிப்பட்டு, இன்றைக்கும் தொல்லை தருகிறது. ஓட்டின் உள்ளே இறுகிய மண்ணை அவர் முழுக்க எடுக்கவும் இல்லை. அதை எடுத்தால் ஓடு தாங்காது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாதித் திறமை என்று எனக்குப் பட்டது. ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கடைசிப் பக்கத்து நன்றி வரி. அது போதாது.

நம் ஊர்க் கல்லமேடு நினைவுக்கு வராமல் இல்லை. அரியலூர் மாவட்டத்தின் அந்த மண்ணில் கிடைத்த, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் வாழ்ந்த ஆமைக்குக் கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று கேஃப்னி, சட்டர்ஜி, ருத்ரா மூவரும் 2001-ல் பெயரிட்டார்கள். அந்தப் புதைபடிவம் பிழைத்தது. அதே கல்லமேட்டிலிருந்து 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த ப்ருஹத்காயோசாரஸ் பிழைக்கவில்லை. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசப்படும் அந்த விலங்கின் எலும்புகள் பொடிந்துபோயின. படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டுதான் இன்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

அரியலூர், பெரம்பலூர் ஓடைகளில் நடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு போல ஏதாவது தென்பட்டால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கோ தகவல் கொடுங்கள்.