பார்னியின் அட்டை

கூண்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. பெயர் பார்னி. வயது நான்கு. இனம் கிரேஹவுண்ட். பந்தயத்திலிருந்து ஓய்வு. அதற்குக் கீழே யாரோ குண்டுகுண்டான எழுத்தில் குணத்தை எழுதியிருந்தார்கள்: அமைதியானவன். குரைப்பதில்லை. யாரிடமும் முரண்டு பிடிக்கமாட்டான். எங்கே நிறுத்தினாலும் நிற்பான்.

வாசித்ததும் என் மனைவி இளகிவிட்டாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. "நாயெண்டால் முத்தத்தில நிக்கோணும், குசினிக்குள்ள விடேலாது" என்று காரில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவள், இப்போது, "இஞ்சேருங்கோ, பாவம், சத்தமே போடாதாம்" என்றாள். எனக்கு அந்த அட்டை உறுத்தியது. இதே வரிகளை வேறெங்கோ வாசித்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடச் சில மாதங்கள் ஆயின.

நாய் வளர்க்கும் யோசனை எங்களுடையதல்ல. மகள் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். எனக்குச் சீனி வருத்தம்; தினமும் நடக்கச் சொல்லி டொக்டர். தனியே நடக்கச் சோம்பல். "நாய் ஒண்டு இருந்தால் அது உங்களை நடத்தும் அப்பா" என்று மகள்தான் காப்பகத்தில் நேரம் குறித்துத் தந்தாள்.

லண்டனில் நாய்க் காப்பகம் புது விஷயமல்ல. மேரி டீல்பி என்ற பெண்மணி 1860இல் ஹொலோவேயில் ஒன்றைத் தொடங்கியபோது, மனிதருக்கே இடமில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. இரண்டு வருடம் கழித்து சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழ் அதற்கு ஆதரவாகக் கட்டுரை போட்டது. 1871இல் பாட்டர்ஸீக்கு இடம் மாறிய அந்தக் காப்பகம் இன்று அந்த ஊர்ப் பெயரிலேயே அறியப்படுகிறது. நாங்கள் போனது அங்கே அல்ல. நகரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு சிறிய இடத்துக்கு.

கிரேஹவுண்டைப் பார்க்காதவர்கள் நம் சிப்பிப்பாறையை நினைத்துக்கொள்ளலாம். ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு, குச்சிக் கால், நீண்ட மூஞ்சி. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இயந்திர முயலின் பின்னால் இந்த நாய்களை வட்டப் பாதையில் ஓடவிட்டுப் பணம் கட்டுகிற பந்தயம் இங்கே 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வியூவில் தொடங்கி, நாடு முழுக்கப் பரவியது. 1966 உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் பிரான்சும் உருகுவேயும் மோதவேண்டிய நாளில், வழக்கமான நாய்ப் பந்தயத்தை நிறுத்தமுடியாது என்று வெம்பிளி மைதானத்தின் உரிமையாளர் கைவிரித்துவிட்டார். உலகக் கிண்ணம்தான் வேறு மைதானத்துக்குப் போனது.

அப்படிப்பட்ட மரியாதை ஓடும்வரைக்கும்தான். மூன்று, நான்கு வயதில் கால் பிசகும், வேகம் குறையும். பட்டியில் அதற்குப் பிறகு இடமில்லை. ஆயுளில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். இப்படி வெளியே வரும் நாய்களுக்கு வீடு தேடுவதற்கென்றே 1975இலிருந்து ஓர் அறக்கட்டளை இங்கே இயங்குகிறது.

காப்பகப் பெண் பார்னியின் காது மடலை மெல்லத் திருப்பிக் காட்டினாள். உள்ளே, மெல்லிய தோலில், மங்கிப்போன பச்சையில் எழுத்துகள் குத்தியிருந்தன. பந்தயக்காரர்கள் அவனை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அவன் தலையைக்கூட அசைக்கவில்லை. காதை எத்தனையோ பேர் திருப்பிப் பார்த்த பழக்கம்.

எனக்கு அம்மாவின் செக்ரோல் நம்பர் ஞாபகம் வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பேரேட்டில் அந்த நம்பரில் பேர் பதிந்திருக்கும்வரை குடியிருக்க ஒரு காம்பரா. பற்றுச்சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை.

நான் பிறந்தது திம்புள்ளப் பக்கம். பத்தனைச் சந்தியிலிருந்து மேலே ஏறினால் தேயிலை, அதற்கு மேலும் தேயிலை, நடுவில் மாட்டுத் தொழுவம் மாதிரி நீளமாக லயம். தொங்கல் காம்பராவில் பெரியம்மா குடும்பம், அடுத்ததில் நாங்கள். பெரியம்மாவிடம் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. லயத்து நாய்களுக்கு ஜிம்மி, டைகர், சீசர் என்று இங்கிலீஷ் பெயர்தான் வைப்போம். பங்களா நாயின் பெயர் மலை இறங்கி வந்து லயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மலைநாட்டுக்குத் துரைமார் நாயோடுதான் வந்தார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை விட்டு மரை துரத்தியவர். அவர் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தில் நாய்களுக்குப் பெயர் உண்டு, வீரக்கதை உண்டு. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்து கோப்பி நட்ட நம் ஆட்களுக்கு அந்தக் காலத்துக் காகிதங்களில் தலைக்கணக்குத்தான் உண்டு.

ஜிம்மி சண்டைக்காரன். கணக்கப்பிள்ளையை இரண்டு தடவை இஸ்தோப்பிலிருந்து விரட்டியிருக்கிறான். பெரியம்மா வெளியே அதட்டுவாள், உள்ளே வந்து சிரிப்பாள்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் நாடற்ற எங்கள் சனம் 9,75,000 பேரின் கணக்கைத் தீர்த்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. 1973இல் கொட்டகலை ஸ்டேஷனில் அவர்கள் ஏறினார்கள். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

ஜிம்மி ரயிலுக்குப் பின்னால் ஓடவில்லை. அதெல்லாம் சினிமாவில். அவன் லயத்து வாசலில் பெரியம்மா போட்டுவிட்டுப் போன ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். ஆனால் அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் வழக்கம்போலக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனான். எல்லாப் பெண்களும் கூடையை இறக்கிவிட்டுப் போகும்வரை நின்றான். மறுநாளும் போனான். தொங்கல் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது, ஜிம்மி எதிர்க்கவில்லை. கணக்கப்பிள்ளை வந்தார், எழுந்து ஓரமாக ஒதுங்கினான். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள், சும்மா இருந்தான்.

"ஜிம்மி நல்ல நாயாயிருச்சு" என்று லயமே பேசிக்கொண்டது.

அம்மா மட்டும் சொன்னாள்: "நல்லதாகல. நாதியத்துப் போச்சு."

எட்டு மாதமிருக்கும். ஒரு சாயங்காலம் நிறுவைக் களத்திலிருந்து அம்மாவின் பின்னாலேயே வந்து எங்கள் இஸ்தோப்பில் படுத்தான். இரண்டு நாள் கழித்துக் கணக்கப்பிள்ளை வாசலில் கால் வைத்தபோது பழைய குரலில் குரைத்தான். அவர் குடையை நீட்டிக்கொண்டு பின்வாங்கினார். அப்பா நாயை அடிக்கக் கட்டையைத் தேடினார். அம்மா தடுத்தாள். "விடுங்க. இப்பத்தான் அதுக்கு வீடு வந்திருக்கு."

அடுத்த வருட மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஜிம்மியைப் புலி தூக்கிவிட்டது. சிறுத்தையை மலையில் நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். பெரியம்மாவுக்கு அதை எழுதவில்லை. கோத்தகிரியிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஜிம்மியைப் பற்றித்தான். ஒரு கடிதத்தில், இங்கே தங்களைச் சிலோன்காரர்கள் என்று கூப்பிடுகிறார்கள் என எழுதியிருந்தாள். சிலோனில் அவளை இந்தியாக்காரி என்றார்கள்.

பார்னிக்கு வருகிறேன். நாங்கள் கேட்டவுடன் நாயைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு பெண்மணி வீடு பார்க்க வந்தார். பின்வளவு வேலியைக் கையால் தட்டிப் பார்த்தார். நாய் தனியாக எத்தனை மணிநேரம் இருக்கும், அயலில் பூனை உண்டா, படிக்கட்டு வழுக்குமா என்று கேட்டார். கடைசியில், "வீடு சொந்தமா, வாடகையா?" என்றார். வாடகை என்றால் வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். சொந்தம் என்று சொல்ல எனக்கு ஒரு கணம் பிடித்தது. முப்பது வருடம் பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை பார்த்துக் கட்டி முடித்த வீடு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் இன்னும் லயத்துப் பையன்தான்.

பார்னி வந்தான். படிக்கட்டைப் பார்த்து நின்றான். பட்டியில் வளர்ந்தவனுக்குப் படி தெரியாது. கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டான். துணி துவைக்கும் மெஷின் சுழன்றதும் நடுங்கினான். ராத்திரி கண்ணைத் திறந்தபடியே தூங்கினான்; கிரேஹவுண்டுகளில் பல அப்படித்தானாம். போட்ட இடத்தில் கிடந்தான். அட்டையில் எழுதியது ஓர் எழுத்துப் பிசகவில்லை. காப்பகப் பெண் மட்டும் விடைகொடுக்கும்போது ஒரு கணக்குச் சொல்லியிருந்தாள்: மூன்று நாள் மிரளும், மூன்று வாரம் பழகும், மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அது யார் என்று தெரியும்.

இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பும் கிடையாது, அடர்ந்த மயிரும் கிடையாது. பனிக்காலத்தில் மேலங்கி போட்டுத்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். வீடியோ அழைப்பில் அதைக் கண்ட அக்கா, திம்புள்ளயிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னடா தம்பி, நாய்க்குக் கம்பளியா? நம்ம பாட்டன் காலத்துல குடுத்த கம்பளிக்குச் சம்பளத்துல பிடிச்சாங்களாம். இதுக்கு எவ்வளவு பிடிக்கிற?"

நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை. தபால்காரர் கடிதப் பொந்தைத் தள்ளினார். வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள், பின்னாலேயே பார்னி. அவனுக்குத் தடைபோட்ட குசினி அது. "இஞ்சேருங்கோ, இது குரைக்குது! அட்டையில பொய் எழுதிப்போட்டாங்கள்!"

பொய்யில்லை என்றேன். அவன் அப்போது நாதியற்றிருந்தான், அவ்வளவுதான்.

அந்த அட்டையை எங்கே வாசித்தேன் என்பது அப்போதுதான் பிடிபட்டது. 1989இல் அகதியாக இந்த நாட்டில் இறங்கியபோது ஓர் அதிகாரி என்னைப் பற்றிக் குறிப்பு எழுதினார். பிரதியை வழக்கறிஞர் காட்டினார். அமைதியானவர், கேள்விகளுக்கு ஒத்துழைத்தார் என்றிருந்தது. எனக்கு வாய் உலர்ந்து போயிருந்தது என்பதை அவர் எழுதவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே தோட்டத் துரைமார் எங்கள் பாட்டன் பூட்டன்களைப் பற்றி இதே பாணியில் எழுதியிருக்கிறார்கள்: அடக்கமானவர்கள், பணிவானவர்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள். மனிதரை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது அட்டைகளை. ஒதுங்க இடமில்லாத உயிரைப் பார்த்து எழுதுகிறவர், அதன் பயத்தைக் குணம் என்று எழுதிவிடுகிறார்.

அந்தப் பணிவான சனம்தான் 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை அரசாங்கம் பிரித்துக் கொடுக்கப் பார்த்தபோது, எங்களுக்குப் பக்கத்து டெவன் தோட்டத்தில் மறித்து நின்றது. பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் செத்தார். காகிதத்தில் அது அவர்களுடைய காணியல்ல. இருந்தும் அதை வீடு என்று நினைத்துவிட்டார்கள்.

பார்னியின் குணம் இப்போது எனக்குத் தெரியும். ரொட்டி திருடுவான், கோதம்ப மாவில் தேங்காய்ப்பூ போட்டு அக்கா சொன்ன பக்குவத்தில் சுட்டது என்றால் இரண்டு. மழை என்றால் வாசலைத் தாண்டமாட்டான். மழையிலேயே வளர்ந்த எனக்கு அது அவமானம். அணிலைக் கண்டால் என் தோள்மூட்டு கழலும். மனைவி அதட்டினால் பெருமூச்சு விட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பான். கூண்டுக்கு முன்னால் நின்று அட்டை வாசிக்கிற நம்மவர்களுக்கு நான் சொல்ல இதுதான் இருக்கிறது: சத்தம் போடாத நாயைத் தேடிப் போகாதீர்கள். எந்த நாயானாலும் கூட்டிவந்து மூன்று மாதம் பொறுங்கள். அது உங்களைப் பார்த்து முதல் தடவை முரண்டு பிடிக்கிற அன்று சந்தோஷப்படுங்கள்.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்து எல்லா நாய்க்கும் தோலுக்கடியில் சிப் வைக்கவேண்டும் என்பது சட்டம். அரிசி மணி அளவுதான். வளர்ப்பவர் மாறினால் பதிவில் முகவரியையும் மாற்றவேண்டும். பார்னி வந்த வாரமே மாற்றிவிட்டோம்: வீட்டு இலக்கம், தெருப் பெயர், தபால் குறியீடு. அவன் எங்கே தொலைந்தாலும் எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

அக்கா நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். அவள் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. நான் அனுப்பும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது மேலே வரும்போது வரும்.