சொந்த ஊரில் விருந்தினர்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மைப் போன்றோர்க்கு விடுமுறை என்பது வெறும் ஓய்வன்று. ஆண்டு முழுவதும் ஒத்திவைத்த உறவுக் கடமைகள் யாவற்றையும் பதினைந்து நாட்களுக்குள் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டிய காலம் அது. போக முடியாத திருமணங்களை விசாரித்தல், துக்க வீடுகளுக்குச் செல்லுதல், நிலவரி கட்டுதல், குலதெய்வத்திற்குப் பொங்கலிடுதல், ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுதல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றுக்கிடையில் குழந்தைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கடற்கரையில் இரண்டு நாள் இருக்கலாமா?"

அவர்கள் கேட்கும் கடற்கரையோ நாம் சிறுவயதில் கால் நனைத்த கடற்கரையன்று. கரீபியத் தீவுகளின் சொகுசு விடுதிகளைப் பற்றிய காணொளிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வெண்மணல், நீலநிற நீச்சல்குளம், தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துண்ணும் உணவு மேசை ஆகிய இவை அமைந்தால்தான் அது அவர்களுக்குக் கடற்கரை. ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் இவ்வாறு கேட்டபோது, அந்த வேண்டுகோளை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எங்கள் பணிப்பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். விடுப்புப் பயணச் சலுகை அதனைக் கொண்டே கணக்கிடப்படும். நான்காண்டுத் தொகுதி ஒன்றில் இருமுறை சொந்த ஊருக்குச் செல்லலாம். அவற்றுள் ஒன்றை இந்தியாவின் வேறெந்த இடத்திற்கும் மாற்றிக்கொள்ளலாம். அரசு தருவது பயணக் கட்டணம் மட்டுமே. தங்குவதும் உண்பதும் நம் செலவு. சொந்த ஊர் எது என்று முடிவு செய்யவும் விதிகள் உள்ளன. அங்கே நமக்கு வீடோ நிலமோ உண்டா, நெருங்கிய உறவினர் வாழ்கின்றனரா, குடும்பக் கடமைகளுக்காக அவ்வப்போது நாம் அங்குச் செல்ல வேண்டியுள்ளதா என்றெல்லாம் அவை கேட்கும். ஒருமுறை எழுதிய ஊரைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். என் பதிவேட்டில் 'பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டம், கேரளம்' என்று எழுதப்பட்டிருக்கிறது.

பாறசாலை என்றதும் இசையன்பர்களுக்குப் பாறசாலை பொன்னம்மாள் நினைவுக்கு வருவார். 1924-இல் அவ்வூரில் பிறந்து, 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதற்பெண் என்னும் பெருமை எய்தி, 2021-இல் மறைந்த பெருமாட்டி அவர். மற்றவர்க்கு அது தொடர்வண்டி நிற்கும் ஓர் எல்லை ஊர்; அவ்வளவே. தெற்கே சிறிது தூரம் நடந்தால் களியக்காவிளை; அது தமிழ்நாடு. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது நேசமணி அவர்கள் தலைமையில் நடந்த போராட்டத்தில் தமிழர் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் சந்தைக்குப் போவதற்கும் அந்த எல்லை ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. என் அன்னையார் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு மணமாகி வந்தவர். அவர் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரித்தெடுக்க மொழிநூலாரே தடுமாறுவர்.

தந்தையார் மறைந்தபின் அன்னையார் அவ்வீட்டில் தனியே வாழ்கிறார். வீட்டை விற்றுவிட்டு அவரைத் தில்லிக்கே அழைத்துச் செல்லலாம் என்று உறவினர் சிலர் சில ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். அவ்வாறு செய்தால் பதிவேட்டில் உள்ள ஊர்ப்பெயர் வெறும் எழுத்தாகிவிடும். வீட்டை வைத்துக்கொள்வதா வேண்டாவா என்னும் கேள்வியின் விடை என் கையில் இருப்பதைவிடக் குழந்தைகளின் கையில் இருக்கிறது என்பது என் எண்ணம். அவர்கள் திரும்பி வர விரும்பாத ஊரில் எத்தனை காலம் ஓடு மாற்றிக்கொண்டிருப்பது?

சென்ற ஆண்டு மே மாத இறுதியில், கேரளா விரைவு வண்டியில் இரண்டு இரவும் இரண்டு பகலும் பயணம் செய்து திருவனந்தபுரம் வந்திறங்கினோம். ஊரில் ஒரு வாரம் கழிந்தது. பிறகு பிள்ளைகளின் வேண்டுகோளை நிறைவேற்றினேன். பூவாற்றில் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் சொகுசு விடுதிகள் பல உள்ளன. பாறசாலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு இரவு தங்குவதற்கு என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: பாட்டியும் வர வேண்டும்.

"இந்தக் கடலப் பாக்கியதுக்கு இவ்வளவு பைசாவா மக்களே?" என்று அன்னையார் கேட்டார். எனினும் புதுப்புடவை உடுத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அவ்விடுதிக்குப் படகில்தான் செல்ல வேண்டும். இருபுறமும் கண்டல் மரங்கள் கவிந்திருக்க, படகு மெல்ல நகர்ந்தது. பிள்ளைகள் மீன்கொத்திகளை எண்ணிக்கொண்டிருந்தனர். படகோட்டி பொழியூர்க்காரர். அவரும் அன்னையாரும் சிறிது நேரத்திலேயே யார் வீடு, எந்தத் தெரு, எவர்க்கு எவர் உறவு என்று பேசத் தொடங்கிவிட்டனர். தொலைபேசித் திரையில் "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று மட்டுமே கேட்கும் பாட்டி, அப்படகில் அனைத்தும் அறிந்தவராக வீற்றிருந்ததைப் பிள்ளைகள் வியப்புடன் நோக்கினர்.

"இது என்ன ஆறு?" என்றான் மகன். பாட்டி சொன்னதில் பாதியை நான் தில்லித் தமிழில் விளக்க வேண்டியிருந்தது. அகத்தியர் மலைப்பக்கம் பிறந்துவரும் நெய்யாறு இது. இதன் அணையிலிருந்து புறப்படும் இடதுகரைக் கால்வாய் ஒரு காலத்தில் விளவங்கோட்டு வயல்களுக்கும், பாட்டி பிறந்த வீட்டின் வயலுக்கும் நீர் தந்தது. 2004-இல் அந்த நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. பக்கத்தில் பிரியும் கால்வாய் 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க எண்ணிய திருவிதாங்கூர் அரசின் திட்டம் அது, முழுமை பெறவில்லை. தூர்ந்துபோன இடங்கள் போக, எஞ்சிய நீரில் இன்று சுற்றுலாப் படகுகள் செல்கின்றன.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் எங்களிடம் ஆங்கிலத்திலும் பிறகு இந்தியிலும் பேசினார். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டபோது என் மகள் "தில்லி" என்றாள். அதே நொடியில் அன்னையார் "பாறசாலை" என்றார். இரண்டும் உண்மையே. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தில்லி என்று எழுதிக்கொண்டார்.

விடுதியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அங்கிருந்த இரண்டு நாளும் என் துணைவியார் அடுப்படிப் பக்கம் செல்லவில்லை. சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓய்வு ஆண்களுக்கும் வேலை பெண்களுக்கும் என்று ஆகிவிடுவதை நாம் எவரும் பேசுவதில்லை. மாமியாரும் மருமகளும் ஆற்றைப் பார்த்தவாறு இரண்டு மணி நேரம் சேர்ந்து அமர்ந்து பேசியதை, மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அன்றுதான் கண்டேன். அந்த வகையில் கொடுத்த பணம் தகும்.

உணவு மேசையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வாழையிலை விரித்த தட்டில் அழகாக வைக்கப்பட்டிருந்தன. விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் ஏழைகளின் பசி தீர்க்கப் பரவிய கிழங்கு அது. வீட்டில் அதனைத் தொடமறுத்த மகன் அங்கே இருமுறை வாங்கி உண்டான். "நம்ம வெளையில நிக்குது, பிடுங்க ஆளில்லை" என்றார் அன்னையார். மறுநாள் வீட்டுக்குப் போனதும் தானே பிடுங்குவதாக அவன் வாக்களித்தான், அவ்வாறே செய்தான்.

கடலில் மட்டும் இறங்க விடவில்லை. பூவாற்றுக் கடல் கரையிலேயே ஆழமானது. மழைக்காலம் நெருங்கும் நாளில் அலை மிகக் கொடியது. ஆறு கடலைச் சேரும் பொழிமுகத்தில் மணல்திட்டு மூடிக்கிடக்கும்; மழை மிகுந்தால் அதனை வெட்டித் திறப்பர் என்று படகோட்டி விளக்கினார். "நீங்கள் இந்தக் கடலில் போவீர்களா?" என்று மகள் கேட்டாள். போவதுண்டு என்றார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் தொடங்கி எல்லைக்கப்பால் நீரோடி, தூத்தூர், சின்னத்துறை வரை எத்தனையோ பேர் கடலிலிருந்து திரும்பவில்லை என்றும், புயலுக்கு மாநில எல்லை தெரியாது என்றும் அமைதியாகச் சொன்னார். அதன்பின் பிள்ளைகள் கடலைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. காணொளியில் கண்ட நீலக்கடல் அன்று. மனிதர் இறங்கி உழைக்கும் கடல் அது.

திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயிலுக்குச் சென்றோம். பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. அந்த 'அம்மச்சிப் பிலாவு' மரத்தின் எஞ்சிய பகுதி இன்றும் அங்கே பேணப்படுகிறது. தில்லி திரும்பியபின் பள்ளியில் விடுமுறை பற்றி எழுதச் சொன்னபோது, நீச்சல்குளத்திற்கு ஒரு வரியும் இந்தப் பலாவுக்கு ஒரு பக்கமும் ஒதுக்கினாள் மகள்.

இவ்விடத்தில் கரீபியத் தீவுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அத்தீவுகளுக்கும் தமிழர் சென்றதுண்டு. விடுதியில் தங்க அன்று, கரும்புத் தோட்டத்தில் கூலிகளாக. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் சென்றடைந்தன. அவர்தம் வழிவந்தோர் இன்றும் மாரியம்மனை வழிபடுகின்றனர். சாமி என்று முடியும் குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் எஞ்சியுள்ளன. ஆயின் அன்றாடப் பேச்சில் தமிழ் இல்லை. பிறந்த ஊர் எது என்று அறிந்த தலைமுறை மறைந்தபின், அதனைச் சொல்லித்தர எவருமில்லை. ஊருக்குத் திரும்ப அவர்களுள் பலருக்கு வழியில்லாதிருந்தது. நமக்கோ வண்டி உண்டு, விடுப்பு உண்டு, அரசின் சலுகையும் உண்டு.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. குழந்தைகள் சொகுசு விடுதியைக் கேட்டால், இயன்றவர்கள் அழைத்துச் செல்லுங்கள், அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் அந்த ஊரை அறிந்த ஒரு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆற்றின் பெயரையும் மரத்தின் பெயரையும் படகோட்டியின் ஊரையும் அவர் வாயால் கேட்கச் செய்யுங்கள். எந்த விடுதியும் தரமுடியாத வசதி அது. அதற்குக் காலவரையும் உண்டு. என் அன்னையார்க்கு வயது எழுபத்திரண்டு.

வீட்டை விற்பது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இவ்வாண்டுப் பயணத்திற்குத் திட்டமிடும்போது, இந்தியாவில் எந்த இடத்திற்கும் செல்லலாம் என்று பிள்ளைகளிடம் கூறினேன். மரச்சீனி மறுபடி முளைத்திருக்குமா என்று பாட்டியிடம் கேட்டுச் சொல்லும்படி மகன் கூறினான். படிவத்தில் 'சொந்த ஊர்' என்றே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.