வேளாங்கண்ணிக்கு 180 கி.மீ... முண்டியம்பாக்கத்துக்கு வாரம் 270 கி.மீ! உளுந்தூர்பேட்டை சைக்கிள் குழுவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்னையிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் டோல்கேட்தான் ஞாபகத்துக்கு வரும். பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ‘உளுந்தூர்பேட்டை வந்துடுச்சா?’ என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம். சேலத்துக்குச் சாலை பிரிவது இங்கேதான். 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இந்த ஊரும் கள்ளக்குறிச்சியோடு போனது.

ஊரிலிருந்து பிரியும் இன்னொரு சாலை விருத்தாசலத்துக்குப் போகிறது. ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அதிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையின் ஓரத்தில் 22 சைக்கிள்கள் நின்றன. பாதிக்கு மேல், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள்கள். கியர் வைத்தது நான்கே நான்கு. மிச்சமெல்லாம் அப்பா, சித்தப்பா ஓட்டிய பழைய வண்டிகள்.

எல்லோரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் ஒன்றில் எழுந்த பேச்சுதான் இந்தப் பயணமாகியிருக்கிறது. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள். அந்தப் பத்து நாள்களில் காவி உடுத்தி நடந்தும், சைக்கிள் மிதித்தும் போகிறவர்களைத் தமிழ்நாட்டின் பல சாலைகளில் பார்க்கலாம். இவர்களும் போவதுண்டு. ஆனால், இந்த வருடம் ஒரு வித்தியாசம். மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பணம் திரட்டுகிறார்கள்.

“எங்க யார் பேரையும் போடாதீங்க. விஷயத்தை மட்டும் எழுதுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால், இங்கே யாருக்கும் பெயர் இல்லை.

ஓட்டாத ஒருவர்தான் கேப்டன்

குழுவுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது 50-ஐ ஒட்டி இருக்கும். “தம்பி, அந்த முன்சக்கரத்தைத் தூக்கிச் சுத்து. ரிம்மு ஆடுது பாரு” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவர்கள் அவரை ‘சித்தப்பா’ என்கிறார்கள்; பெரியவர்களுக்கு அவர் ‘அண்ணன்’.

பல வருடங்களாக வேளாங்கண்ணிக்கு சைக்கிள் கூட்டத்தை முன்னால் நின்று அழைத்துப் போனவர் அவர்தான். இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. காற்றடிக்கும் பம்ப்பைக்கூட அழுத்தக் கூடாது. அதனால், அவருடைய சைக்கிளுக்கு ஒரு கல்லூரி மாணவி காற்றடித்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் அந்த வண்டியை ஓட்டப்போவது அந்தப் பெண்தான்.

சிகிச்சைக்கு அவர் போவது விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அங்கே டயாலிசிஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால், போக வேண்டுமே! போய் வர 90 கிலோமீட்டருக்குக் குறையாது. காலையில் கிளம்பினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். சிகிச்சை முடிந்து தலைசுற்றலோடு தனியாக பஸ் ஏற முடியாது என்பதால், மனைவியும் கூடவே போகிறார். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். உடம்பு ரொம்பவே தளர்ந்த நாள்களில் கார் வைக்க வேண்டியிருக்கும்.

அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் யாரோ விளையாட்டாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 180 கி.மீ. முண்டியம்பாக்கத்துக்கு மூன்று முறை போய் வந்தால் 270 கி.மீ. “நாம வருஷத்துக்கு ஒருக்கா போறதையே பெருசாச் சொல்றோம். அண்ணன் வாராவாரம் ஒன்றரை வேளாங்கண்ணி போறாரு” என்று அவர் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டதாம். வருடக் கணக்கில் அது 14,000 கிலோமீட்டர்.

‘எனக்கு மட்டும்னா வேண்டாம்!’

பணம் திரட்டலாம் என்றதும் முதலில் மறுத்தவர் அவர்தான். “நான் முன்னாடி நின்னு கூட்டிட்டுப் போன பசங்க. அவங்க எனக்காகக் கடைகடையா உண்டியல் ஏந்துறதா? மனசு கேக்கலைங்க” என்றார் என்னிடம்.

பங்குத்தந்தை, அன்பியத்தினர் எல்லோரும் பேசிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வழி சொன்னது அவர் மனைவிதான். “நம்ம பஸ்ஸுலேயே இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களே... அவங்களுக்கும் சேர்த்துச் செஞ்சா?” அந்த இருவரும் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர், ஒருவர் கோயில் திருவிழாவில் மேளம் வாசிப்பவர், இன்னொருவர் பள்ளிவாசல் தெருக்காரர். மூன்று பேருக்கும் ஆறு மாதப் பயணச் செலவு என்று முடிவானது. நோட்டீஸில் யார் பெயரும், படமும் இல்லை. ‘டயாலிசிஸ் பயணச் செலவுக்காக’ என்று ஒரே ஒரு வரி.

திரட்டும் முறையும் எளிது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால், ஒருவர் தரவேண்டியது 180 ரூபாய். பிரியாணிக் கடை பாய் ஐந்து ரூபாய் எழுதினார், 900 ஆயிற்று. பூக்கார அம்மா ஐம்பது பைசா கணக்கில் 90 ரூபாய் தந்தார். வந்த பணம் எவ்வளவு என்று ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோயில் பலகையில் ஒட்டுகிறார்கள்.

“இந்த ஊர்ல கணக்கை ஒழுங்கா வெச்சிக்கணும் தம்பி” என்று சிரித்தார் டீக்கடைப் பெரியவர் ஒருவர். பக்கத்திலிருக்கும் உளுந்தாண்டார்கோயிலின் தலக்கதையைச் சொல்கிறார். மிளகு மூட்டைகளோடு போன வியாபாரி, முதியவர் வேடத்தில் வந்து கேட்ட சிவனிடம் ‘இது உளுந்து’ என்று பொய் சொன்னாராம். சந்தையில் போய் அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் உளுந்தாகவே மாறியிருந்ததாம்!

வேகம் யாருடையது?

பயணத் திட்டத்திலும் சண்டை நடந்திருக்கிறது. ராத்திரி பகலாக மிதித்து ஒரே மூச்சில் போய்விடலாம் என்றார்கள் இளைஞர்கள். நாற்காலிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டில் சாலையோரம் போகிறவர்கள் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது நெடுஞ்சாலையில் குடியிருக்கும் ஊருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. “மாதா எங்கயும் போயிடாது. மெதுவாப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

அதனால், மூன்று நாள் பயணம். காலை ஐந்துக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் நிறுத்தி, மாலையில் கொஞ்சம் மிதித்து, இருட்டுவதற்குள் தங்கிவிட வேண்டும். விருத்தாசலம், ஆண்டிமடம் வழியாக முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போய் முதல் ராத்திரி ஜெயங்கொண்டம். மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணம் வழியாகத் திருவாரூர். மூன்றாம் நாள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. பின்னால் ஒரு ‘குட்டி யானை’ வண்டி. அதில் தண்ணீர், டியூப், பாய், அரிசி. ஒலிபெருக்கி வேண்டாம் என்று முடிவு. பின்னால் ஹாரன் அடித்தால் காதில் விழ வேண்டுமே!

வரிசையில் முதலில் போவது யார் தெரியுமா? குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர். 58 வயது தையல்காரர் அவர். வேகக்காரர்கள் கடைசியில். “வேகமா ஓட்டுறவனை முன்னாடி விட்டா கூட்டம் அறுந்துடும். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருத்தனா நீண்டுபோனா, பங்க்சர் ஆனவனை யார் பார்க்குறது?” என்பது சித்தப்பாவின் சட்டம்.

அன்று அவர் நடத்திய பாடம், நீண்ட தூரம் சைக்கிள் ஓட்ட நினைக்கும் யாருக்கும் உதவும். சீட்டின் உயரம்: குதிகாலை வைத்து பெடலை அடிவரை அழுத்தினால் கால் நீள வேண்டும், குறைவாக இருந்தால் முட்டி வலி நிச்சயம். எல்லோர் வண்டியிலும் பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர். தூரத்தை வாரம் வாரம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாதபோது இதுவே உதவும்.

“குடிங்கடா, நல்லாக் குடிங்க” என்று ஒவ்வொருவரிடமும் பாட்டிலை நீட்டினார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். சிறுநீர் பிரியாத உடம்பில் கூடுதல் தண்ணீர் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். தன் பங்கை ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி, வாயை நனைத்துக்கொண்டார்.

கோணான்குப்பம் வரை

அன்றைய பயிற்சி, மங்கலம்பேட்டைக்கு அருகே இருக்கும் கோணான்குப்பம் வரை. இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, ‘தேம்பாவணி’ பாடி, ‘சதுரகராதி’ தொகுத்த வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பிய ஆலயம் அங்கே இருக்கிறது. மாதாவின் பெயர் பெரியநாயகி. இந்தப் பக்கத்துச் சிவன் கோயில்களில் அம்மனுக்கு வழங்கும் அதே பெயர்! உருவமும் தமிழ்ப்பெண் கோலத்தில்தான். ஆலயத்தைப் பார்க்க வரும் எல்லா மதத்தவரையும் வாசலில் பார்க்க முடிந்தது.

சைக்கிள் மிதித்து உதவி திரட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேரோடு தொடங்கிய பயணம், முதல் வருடம் 10,200 டாலர் திரட்டியது. இன்றும் வருடாவருடம் நடக்கிறது. 2011-ல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதி, யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனையாக நிற்கிறது. அவற்றோடு ஒப்பிட்டால் உளுந்தூர்பேட்டைக் கணக்கு மிகச் சிறியது. ஆனால், அந்த மூன்று வீடுகளுக்கு அடுத்த ஆறு மாதம் பஸ் காசுக்குக் கடன் கேட்க வேண்டியிருக்காது.

திரும்பும் வழியில் அந்தக் கல்லூரிப் பெண்ணின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. முன்னால் போன தையல்காரர் நின்றார். மொத்த வரிசையும் நின்றது. டியூபை வெளியே எடுத்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டு, காற்றடித்து முடிக்க அந்தப் பெண்ணுக்கு 25 நிமிடம் ஆனது. யாரையும் தொட விடவில்லை.

ஊர் திரும்பியபோது நாற்காலி நிழலுக்கு நகர்ந்திருந்தது. பின்சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார் சித்தப்பா.

“ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா, 25 நிமிஷம் ஜாஸ்தி. அடுத்த ஞாயித்துக்கிழமை விருத்தாசலம் வரைக்கும் போகணும். அதுக்குள்ள பத்து நிமிஷத்துல போடக் கத்துக்கோ.”

“நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரவா சித்தப்பா?”

“நாளைக்கு முண்டியம்பாக்கம். செவ்வாய்க்கிழமை வா.”