வானிலையும் எங்கள் ஊரும்

மழை பொய்த்தாலும் கவலை, மிகுந்தாலும் கவலை என்பது எங்கள் மாவட்டத்தின் நிலை. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். கெடுப்பதும் மழையே, கெட்டவரைக் கைதூக்கி விடுவதும் மழையே என்றார். அக்குறளின் பொருளை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாங்கள் நேரிலேயே கற்றோம்.

எங்கள் வகுப்பில் பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வருவோர் சிலர். கடற்கரைப் பிள்ளைகள் சிலர். உப்பளத்தில் வேலை செய்வோரின் பிள்ளைகள் சிலர். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால்தான் கரிசலில் உளுந்தும் பாசியும் விளையும். அதே மழை உப்புப் பாத்திகளைப் பாழாக்கும். அம்மாமார்க்கு வேலை நின்றுவிடும். கடலுக்குப் போகும் அப்பாமார்க்கோ மழையைவிடக் காற்றே பெரிது. ஆகவே, 'நல்ல வானிலை' என்ற சொல்லுக்கு எங்களுக்குள்ளேயே மூன்று பொருள் உண்டு!

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், எங்கள் பகுதியில் வெயிலும் வறண்ட காற்றும் மிகுதி. அதனால்தான் உப்பு விளைச்சலில் தமிழ்நாட்டுக்குத் தூத்துக்குடியே பெருமை சேர்க்கிறது. அத்தகைய வறண்ட சீமையில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் இது அதிகம்! தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். உப்பளங்கள் குளங்களாயின. குவித்து வைத்த உப்பு கரைந்தோடியது. பாத்திகளில் படிந்த சேற்றை அள்ளிச் சீர்செய்யும்வரை எங்கள் தோழியர் சிலரின் வீட்டில் கூலி இல்லை.

இதுதான் காலநிலை மாற்றமா என்று நாங்கள் ஆசிரியையிடம் கேட்டோம். வானிலை என்பது ஒரு நாள் சமையல் போன்றது. காலநிலை என்பது வீட்டின் நெடுநாள் பழக்கம். ஒரு நாள் சமையலைக் கொண்டு ஒரு வீட்டின் பழக்கத்தைச் சொல்லலாகாது. அதற்கு 30 ஆண்டுக் கணக்காவது வேண்டும். எனினும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். எனவே, பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது.

கடலும் சூடேறுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பம் தாங்காமல் வெளிறின. நம் ஊருக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. ஆனால், அதற்கு வெப்பத்தை மட்டும் பழிப்பது நேர்மையன்று. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தவர்கள் மனிதர்களே. 2015 முதல் அத்தீவின் அருகே கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தடுக்க முயன்றதும் மனிதர்களே. கெடுத்த கைகளே காக்கவும் கூடும் அல்லவா?

துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி எங்களில் சிலர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. அதை எரித்துக் கிடைக்கும் மின்சாரத்தில்தான் நாங்கள் இரவில் படிக்கிறோம். அதன் புகையே உலகைச் சூடேற்றும் காரணங்களுள் ஒன்று என்பதும் உண்மை. ஆதலால், ஆலைகளை ஏசுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கதிரவனும் காற்றும் நம் சீமையில் குறைவின்றி உள்ளன. அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலைகள் பெருகும்போது, அப்பாமாரின் பிழைப்பும் அதனோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தங்கைகளே! பள்ளி மாடியில் ஒரு மழைமானி வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவைக் குறிக்கத் தொடங்கியுள்ளோம். இவ்வாண்டுக் கணக்கு வானிலை மட்டுமே. நீங்களும் உங்களுக்குப் பின் வருவோரும் விடாமல் எழுதினால், 30 ஆண்டுகளில் அது நம் ஊரின் காலநிலையைச் சொல்லும். நோட்டை உங்களிடம் ஒப்படைக்கிறோம். ஒரு நாளும் தவறவிடாதீர்கள்!