சனிக்கிழமை மாலையும் ஒரு நாடக அரங்கமும்



ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்தவர்களுக்கு வாரத்தின் ஆறு நாட்களுக்கு வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குச் சபை உண்டு. சனிக்கிழமை மாலை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிறோம், கதவைச் சாத்துகிறோம், கைப்பேசியைத் திறக்கிறோம். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, "தில்லி எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி ஊர் திரும்பிய பிள்ளைகள் பலரை நான் அறிவேன். அவர்கள் தில்லியைப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி.

நான் குடியிருப்பது புசா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். இந்தச் சாலையின் பெயரே குடிபெயர்ந்து வந்த பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா? பீகாரில் புசா என்னும் கிராமத்தில் 1905-ஆம் ஆண்டு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பூகம்பம் அதன் கட்டடங்களை நொறுக்கிவிட, 1936-இல் அது தில்லிக்கு இடம் மாறியது. வரும்போது தன் ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டுவந்தது. பக்கத்திலுள்ள ராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் 1947-இன் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் குடியேறிய இடங்கள். அதே தெருக்களில் இன்று தமிழகத்துத் தாதியரும், குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளும் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இந்தச் சாலையில் உண்டு. ஆக, இங்கே பூர்வகுடி என்று மார்தட்டிக்கொள்ள எவருக்கும் இடமில்லை.

திரைப்படம் பார்க்கலாமா, கூடாதா என்னும் கேள்வி நம் சபைகளில் பழையது. திரையரங்கின் படியை ஒருநாளும் மிதியாத வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். அந்த வழக்கைத் தீர்த்துவைக்க இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திரையரங்குக்குப் போகாத வீட்டிலேயே இன்று நால்வர் கையிலும் நான்கு திரையரங்குகள் இருக்கின்றன. ஒரே அறையில் அமர்ந்து, ஆளுக்கொரு படத்தை, காதில் குமிழை மாட்டிக்கொண்டு தனித்தனியே பார்க்கிறோம். பழைய சினிமாக் கொட்டகையில் குறைந்தது பக்கத்தில் ஒரு மனிதராவது இருந்தார்!

தில்லித் தமிழருக்குத் தமிழ்ப்படம் எளிதில் கிடைத்த காலமும் இது. முன்பெல்லாம் வாடகைக்குப் பிடித்த திரையரங்கில் ஞாயிறு காலைக் காட்சியாக மட்டுமே தமிழ்ப்படம் ஓடும். சரியாக ஆராதனை நேரம்! 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. தமிழின் முறை வரும்வரை காத்திருந்து, தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருவே கூடும். கன்னாட் பிளேஸின் ரீகல் 1932-இல் திறக்கப்பட்டபோது நாடகங்களுக்கும் இடம் கொடுத்த அரங்கு. 2017 மார்ச் 30 அன்று ராஜ்கபூரின் படங்களோடு கடைசிக் காட்சியை முடித்துக்கொண்டது. 1961-இல் திறக்கப்பட்டு, இந்தியாவின் முதல் 70 எம்.எம். திரையரங்கு என்று பெயர்பெற்ற பகாட்கஞ்சின் ஷீலாவும் அதே ஆண்டில் மூடப்பட்டது. இன்றோ புதிய தமிழ்ப்படம் சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்குள்ள பல்திரை அரங்குகளுக்கும் வந்துவிடுகிறது.

தமிழ்ப்படம் நமக்குத் தருவது என்ன? இரண்டரை மணி நேரத்துக்கு ஊரைத் தருகிறது. அதே வயல், அதே பேருந்து நிலையம், அதே வசவு. பசித்தவனுக்கு அது உணவுதான். ஆனால் விளக்குப் போட்டதும் வெளியே நிற்பது கரோல்பாக். ஆட்டோக்காரரிடம் கூலி பேச நமக்கு இன்னும் வாய் வரவில்லை. புதிதாய் வந்தவருக்கு ஊரைத் தருகிற கலை ஒன்று போதாது. வந்து சேர்ந்த நகரத்தைத் தருகிற கலையும் வேண்டும். அதை நான் மேடை நாடகத்தில் கண்டேன்.

புசா ரோட்டின் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இந்தப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் மண்டி ஹவுஸ் வரை நீண்டது. ராஜேந்திரா பிளேஸில் ஏறினால் ஆறாவது நிலையம் மண்டி ஹவுஸ். வண்டி மாறத் தேவையில்லை. அங்கே ஒரு வட்டச் சாலையைச் சுற்றி நடக்கும் தூரத்தில் கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி ஆகியவை இருக்கின்றன. அந்தப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்தியவர் இப்ராகிம் அல்காசி. புனேயில் குடியேறிய அரபுக் குடும்பத்தின் பிள்ளை. 1963-இல் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளையே மேடையாக்கி "அந்தா யுக்" நாடகத்தை நடத்திக் காட்டினார். தில்லிக்காரர்கள் நாள்தோறும் கடந்துபோகிற பாழடைந்த கோட்டையைத் தில்லிக்காரர்களுக்கே புதிதாய்க் காட்டியவர் அயல் குடும்பத்துப் பிள்ளை என்பதைக் கவனியுங்கள்.

நான் முதலில் பார்த்த நாடகம் மோகன் ராகேஷின் "ஆதே அதூரே". அரைகுறையானவர்கள் என்று பொருள் சொல்லலாம். 1969-இல் முதன்முறை மேடையேறிய இந்நாடகம் இன்றும் திரும்பத் திரும்ப நடிக்கப்படுகிறது. அப்போது எனக்கு இந்தி கடைக்காரரிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். கதை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை. வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிற மனைவி, தொழிலில் நொடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவன், எதிலும் ஒட்டாத மகன், வீட்டை விட்டுப் போய்க் கசந்து திரும்பிய மூத்த மகள், எல்லோரோடும் சண்டையிடும் சின்னவள். கணவனாகவும் அந்தப் பெண் நம்பிப் பார்க்கிற மற்ற ஆண்களாகவும் ஒரே நடிகர் சட்டையை மாற்றி மாற்றி வருகிறார். எங்கே திரும்பினாலும் அவளுக்கு அதே முகம்தான்! இதைப் புரிந்துகொள்ள இலக்கணம் வேண்டுமா? ஒரு நாற்காலியை அவர் இழுத்துப் போட்ட சத்தத்திலேயே அந்த வீட்டின் நிலைமை விளங்கிவிட்டது.

திரைப்படத்தில் முகம் பெரிதாகிறது. ஆனால் நடிகர் நம்மைப் பார்ப்பதில்லை. மேடையில் அவர் பத்தடி தூரத்தில் வியர்க்கிறார். நாம் இருமினால் அவருக்குக் கேட்கும். நாம் மூச்சடக்கினால் அதுவும் அவருக்குத் தெரியும். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாய் உச்சரிக்கிறார்கள். மொழி கற்பவருக்கு இதைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியவில்லை. அன்று பக்கத்து இருக்கையில் இருந்த வயதான சர்தார்ஜி, நான் விழிப்பதைக் கண்டு இடைவேளையில் இரண்டு சொற்களுக்குப் பொருள் சொன்னார். தில்லியில் என்னிடம் கூலியோ வாடகையோ கேளாமல் பேசிய முதல் மனிதர் அவர்தாம்.

இந்த மேடை நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்திலிருந்து 1950-களில் தில்லிக்கு வந்த பாரதி மணி, அலுவலக வேலை பார்த்துக்கொண்டே தட்சிண பாரத நாடக சபாவை நண்பர்களோடு நடத்தினார். பல்லாண்டுகள் தில்லி மேடைகளில் தமிழ் நாடகம் போட்டார். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த "பாரதி" திரைப்படத்தில் கவிஞரின் தந்தையாக நடித்தவர் என்றால் உங்களுக்கு முகம் நினைவுக்கு வரும். 2021-இல் காலமானார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி "மழை", "போர்வை போர்த்திய உடல்கள்" முதலிய நாடகங்களை எழுதினார். அவர் "ஔரங்கசீப்" என்று ஒரு நாடகமும் எழுதினார். தில்லிப் பாதுஷாவின் கதையை எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்த தமிழர்! தேசிய நாடகப் பள்ளியில் ஆசிரியராயிருந்த கே.எஸ். ராஜேந்திரன் என்னும் மற்றொரு தமிழர் அதை இந்தியில் இயக்கினார். தில்லிவாசிகள் தங்கள் சரித்திரத்தை இந்தத் தமிழரின் கண்கொண்டு பார்த்தார்கள்.

புசா ரோட்டிலிருந்து எதிர்த் திசையில் போனாலும் நாடகம் உண்டு. ராஜேந்திரா பிளேஸை அடுத்து இரண்டாவது நிலையம் ஷாதிப்பூர். அதன் அருகில்தான் ராஜஸ்தானத்துப் பொம்மலாட்டக்காரர்கள் தலைமுறைகளாய் வாழ்ந்த கட்புத்லி காலனி இருந்தது; 2017-இல் அது இடிக்கப்பட்டு, பல குடும்பங்கள் ஆனந்த பர்வத்தின் தற்காலிகக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. வீதி நாடகக் குழுவான ஜன நாட்டிய மஞ்சின் சிறிய அரங்கம் 2012-இல் தொடங்கியதும் ஷாதிப்பூர் பக்கத்தில்தான். அக்குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் நாள் சாகிபாபாத்தில் தொழிலாளர் நடுவே நடித்துக்கொண்டிருக்கையில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். நான்காம் தேதி அவர் மனைவி அதே இடத்துக்குத் திரும்பிவந்து, தடைப்பட்ட நாடகத்தை நடித்து முடித்தார். அவர்களுடைய அரசியலோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நான்காம் தேதியை நினைக்காமல் என்னால் ஷாதிப்பூரைக் கடக்க முடிவதில்லை.

"நாடகமெல்லாம் விசுவாசிகளுக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். எபேசு பட்டணத்தார் கூச்சலிட்டு ஓடிய இடம் அரங்கசாலை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அது நமக்கு நல்ல நினைவு அல்லதான். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் தீய சகவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும் வாக்கியம், கிரேக்க நாடகாசிரியர் மெனாந்தருடையது என்று வேத அறிஞர்கள் காட்டுகிறார்கள். சினிமாவுக்கு எதிராக நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிற வசனம் ஒரு நாடகக்காரரின் வரி! நம் தமிழிலோ, 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் "பெத்லகேம் குறவஞ்சி" பாடினார். குறவஞ்சி என்பதே ஆடிப் பாடி நடிக்கும் கலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேய்ப்பனாக நிற்காத நம் பிள்ளை எவன்?

எல்லா நாடகமும் குடும்பத்தோடு பார்க்கத் தக்கதன்று. முன்னதாகவே கதையை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளைக் கூட்டிச் செல்லாதீர்கள்; அவர்களுக்கும் துன்பம், நடிப்பவர்களுக்கும் துன்பம். மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் பல அரங்குகளில் உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் அரை மணி நேரம் முன்பே போய் வெளியே தேநீர் குடியுங்கள். குளிர்காலம் இதற்கு ஏற்ற காலம். 1999-இல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவத்தில் பல மாநில மொழி நாடகங்கள் வரும், தமிழும் வந்ததுண்டு. மலையாளமோ மணிப்புரியோ கிடைத்தாலும் துணிந்து போங்கள். அரங்கத்தில் பாதிப்பேருக்கு அந்த மொழி தெரியாது. அன்று ஒரு நாளாவது இந்திக்காரரும் நம்மைப் போலவே விழிப்பார்.

எங்கள் சபையின் வாலிபர் சிலர் என்னோடு மண்டி ஹவுஸுக்கு வரத் தொடங்கினார்கள். அதன் பலனாக ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர்கள் தமிழை விட்டு இந்தியில் கெட்ட குமாரன் கதையை நடித்தார்கள். உச்சரிப்பு மோசம், தகப்பனாக வந்த பிள்ளைக்கு ஒட்டுத்தாடி இரண்டு முறை விழுந்தது. எங்கள் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மா விருந்துக் காட்சிக்குத் தம் வீட்டுத் தட்டுகளையெல்லாம் கொடுத்து, முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார். மறுநாள் காலை தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "அந்தப் பெரிய பையன் வெளியிலேயே நின்றானே, பிறகு வீட்டுக்குள் போனானா, இல்லையா?"