ஈரம் தொடங்கும் இடம்

ஜீப்பில் பெட்ரோல் வாடை அடித்தால் அதற்குமேல் ஒரு பர்லாங்குகூட ஓட்டக் கூடாது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அந்த இன்ஜினில் கார்ப்பரேட்டரும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். மேலே கசிகிற சொட்டு கீழே கொதிக்கிற இரும்பில் விழும்.

என்னிடம் இருப்பது ராணுவ டிஸ்போசலில் வந்த அப்படியொரு பெட்ரோல் ஜீப். சமதளத்தில் லேசான வாடை மட்டும் வந்தது. போடிமெட்டு ஏற்றத்தில் கார்ப்பரேட்டரே நனைந்துவிட்டது. காட்டிய இடத்திலெல்லாம் “கிட் மாத்திடலாம் சார்” என்றார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கிட் போட்டுக் கசிவு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது; நிற்காவிட்டால் அடுத்து எதைத் தொடுவது என்றும் தெரியாது.

தேனியில் ஒரு பெரியவர், பழைய பெட்ரோல் வண்டிகளிலேயே வாழ்ந்தவர், கிட் பேச்சையே எடுக்கவில்லை. “சொட்டுற இடத்தப் பாக்காதீங்க தம்பி. நனைய ஆரம்பிக்கிற இடத்தப் பாருங்க” என்றார். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். கார்ப்பரேட்டரைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை சாக்பீஸ் தூளைப் பூசினார். பெட்ரோல் பம்பில் கையால் அடிக்க ஒரு சின்ன லீவர் உண்டு. அதை அடிக்க அடிக்க, அடியில் இருக்கும் பிளக்குகள் வெள்ளையாகவே இருந்தன. மேல்மூடி சேரும் விளிம்பில்தான் முதலில் ஒரு கோடு கறுத்தது. அப்படியென்றால் அடியில் ஓட்டை இல்லை. உள்ளே பெட்ரோல் மட்டம் ஏறி வழிகிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்த ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், கார்ப்பரேட்டரைவிடத் தாழ்வாக இருக்கிறது. இன்ஜின் நின்றால் பெட்ரோல் தானாக மேலே ஏறாது. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கசிவும் நின்றால் நீடில் வால்வையும் ஃப்ளோட்டையும் சந்தேகப்படலாம். நிறுத்திய பிறகும் வெகுநேரம் சொட்டினால் அடிப் பிளக்கையோ கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். டேங்க் மேலே இருக்கும் பைக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; டேப் திறந்திருக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

மூடியைக் கழற்றிப் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினார். உள்ளே ‘களக்’ என்றது. மிதக்க வேண்டியது பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டால் நீடிலை எப்படி மேலே தள்ளி மூடும்? வெந்நீரில் அமுக்கியதும் பற்றுவைத்த ஓரத்திலிருந்து கடுகிலும் சிறிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஊசி முனை அளவுகூட இல்லாத ஓட்டை.

ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, உள்ளே இருந்த பெட்ரோல் முழுவதும் போகும்வரை வெந்நீரில் போட்டுப் போட்டு எடுத்து, வெயிலில் வைத்தார். ஆவி மிச்சமிருக்கும் ஃப்ளோட்டில் சூடு வைப்பது உயிருக்கே ஆபத்து. ஓட்டையை அடைக்கும்போது ஈயத்தையும் தாராளமாக வைக்கவில்லை. கூடுதல் ஈயம் கூடுதல் எடை. ஃப்ளோட் மறுபடி தாழும், பழைய வியாதி திரும்பும்.

நீடிலின் கூம்பில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு வளையம் தேய்ந்திருந்தது. அதை, அது உட்காரும் வால்வு சீட்டோடு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். டேங்கில் துரு பிடித்து அந்தத் துகள் வந்து உட்காருவதும் இதே நீடில் முனையில்தான். ஆகவே ஹோஸையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றினோம்.

இந்த ஜீப்பின் கார்ட்டர் கார்ப்பரேட்டரில் ஃப்ளோட் மட்டம் 3/8 அங்குலம். மூடியைக் கவிழ்த்து, அதே தடிமனுள்ள டிரில் பிட்டை மூடிக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையில் நுழைத்துப் பார்த்து, ஃப்ளோட்டின் சின்ன நாக்கை மட்டும் மயிரிழை வளைத்தார். மலைக்குப் போகிற வண்டியில் இந்த அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சமதளத்தில் தாக்குப்பிடிக்கும் மட்டம், வண்டி சாய்ந்ததும் ஒரு பக்கமாகத் திரண்டு வழிந்துவிடும்.

எல்லாம் பூட்டியாயிற்று என்று நான் ஸ்டார்ட் செய்யப் போனேன். பெரியவர் கையமர்த்திவிட்டு, ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். நல்ல பெட்ரோல் வாடை. வெளியே வழிந்தது போக, மீதி சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். அதையும் வடித்து, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் செல்ஃப் அடிக்க விட்டார்.